சிறுவரைக் காப்போரைக் காப்பவர் யார்?

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், பட்டம் பெற்றோரையும் பதவி பெற்றோரையும் பற்றி இம்மலரில் பலர் எழுதியிருப்பர். எழுதத்தான் வேண்டும். நாம் ஈண்டு எழுதப் புகுவதோ வகுப்பறைக்கு வராமற்போன பிள்ளையைப் பற்றியது. சட்டத்தின் கையில் சிக்கி, அரசு இல்லமொன்றின் மதிலுக்குள் இருக்கும் அப்பிள்ளையைப் பற்றியும், அவனை இரவும் பகலும் காத்து நிற்கும் ஊழியரைப் பற்றியும், அவ்வூழியரை மேற்பார்வை செய்ய வேண்டியவரைப் பற்றியும் வரலாறு கூறுவதைச் சிறிது எடுத்துரைக்க விழைகிறோம்.

இப்பொருள் நமக்கு எதற்கு என்று இளைஞர் வினவலாம். காரணம் இரண்டு. இத்தகைய இல்லங்களுக்குள் செல்லும் பிள்ளைகள் பெரும்பாலும் வறிய குடும்பத்தவர். நம் தெருவின் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. மற்றொன்று, நம் கழகத்தில் பயின்ற இளைஞர் தேர்வெழுதி அரசுப் பணிக்குச் செல்கின்றனர். அவர்களுள் சிலர் இவ்வில்லங்களிலேயே காப்பாளராகவும் கண்காணிப்பாளராகவும் அமரக்கூடும். மதிலின் இரு பக்கமும் நம்மவர் நிற்கும் இடம் அது.

பதினெட்டாம் நூற்றாண்டு வரை உலகின் பெரும்பகுதியில் சிறுவனுக்கெனத் தனிச் சிறை இல்லை. ரொட்டி திருடிய பத்து வயதுப் பையனும் கொலைக் குற்றவாளியும் ஒரே கூடத்தில் கிடந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் எண்ணம் வலுப்பெற்றது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்கு அருகே விக்கெர்ன் என்னும் இளஞ்சமயப் பணியாளர் 1833-இல் ஓர் இல்லம் தொடங்கினார். சிறுவரைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து, குடும்பத்திற்கு ஓர் 'அண்ணனை' வைத்தார். அந்த அண்ணன்மாருக்கும் அவரே பயிற்சி அளித்தார்.

அவ்வழியைப் பின்பற்றிப் பெரிதாகச் செய்தவர் பிரான்சு நாட்டு நீதிபதி டெமெட்சு. நீதிமன்றத்தில் தம் முன் நிறுத்தப்பட்ட சிறுவரைச் சிறைக்கு அனுப்பி அனுப்பி மனம் சலித்தவர் அவர். 1836-இல் அமெரிக்கா சென்று சிறைகளைப் பார்வையிட்டார். திரும்பி வந்து, தூர் நகருக்கு அருகே மெத்ரே என்னும் ஊரில், நண்பர் ஒருவர் அளித்த நிலத்தில் வேளாண் குடியிருப்பு ஒன்றை நிறுவினார். அதற்குச் சுற்றுமதில் இல்லை. ஏறத்தாழ நாற்பது சிறுவர் ஒரு வீடு. வீட்டிற்கு ஒரு தலைவர், அவருக்குத் துணைவர், சிறுவர் தாமே தேர்ந்தெடுக்கும் 'மூத்த சகோதரர்'.

இளைஞர் உற்று நோக்க வேண்டிய செய்தி வேறு. மெத்ரேக்கு முதற் சிறுவர் வந்து சேர்ந்தது 1840 சனவரியில். அதற்கு ஏறத்தாழ ஆறு திங்கள் முன்னரே, 1839-இல், அங்கே ஒரு பள்ளி திறக்கப்பட்டுவிட்டது. அது சிறுவருக்கான பள்ளியன்று. சிறுவரைக் காக்கப் போகும் ஊழியருக்கான பள்ளி. பிள்ளைகள் வருமுன் பிள்ளைகளை வளர்ப்போரை வளர்க்க வேண்டும் என்று டெமெட்சு கண்டார். ஊழியர் சிறுவருக்கு அருகிலேயே உறங்கினர். அவர்களைப் போலவே எளிய உடை உடுத்தினர். வயலிலும் பட்டறையிலும் உடன் உழைத்தனர். ஒவ்வொரு வீட்டின் தலைவரும் தம் பொறுப்பிலுள்ள சிறுவரைப் பற்றிக் குறிப்பு எழுதி மேலிடத்திற்குக் காட்ட வேண்டும்.

மெத்ரேயைப் புகழ்ந்தே முடித்துவிட நாம் விரும்பவில்லை. அங்கும் தண்டனைத் தனியறைகள் இருந்தன. பிரெஞ்சு அறிஞர் மிசெல் ஃபூக்கோ 1975-இல் வெளியிட்ட நூலில், மனிதனைக் கணந்தோறும் கண்காணித்து வசப்படுத்தும் முறை முழுமை பெற்ற இடம் மெத்ரேயே என்று எடுத்துக்காட்டினார். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. டெமெட்சு 1873-இல் மறைந்தார். அவருக்குப் பின் நிறுவனத்தின் பெயர் நின்றது, உயிர் நிற்கவில்லை. 1920-களில் அங்கு அடைபட்டிருந்த ழான் ழெனே பின்னாளில் பெரும் எழுத்தாளராகி அவ்விடத்தின் கொடுமையைத் தம் நாவலில் எழுதினார். செய்தித்தாள்கள் கண்டித்து எழுதிய பின்னர் 1937-இல் மெத்ரே மூடப்பட்டது. ஒரு தனிமனிதரின் அன்பை நம்பி எழுந்த நிறுவனம் அம்மனிதர் போனபின் என்னாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நாம் அறியோம்.

இவ்வரலாறு நம் நாட்டிற்கு வந்து சேர்ந்த வழி சுவையானது. பிரிஸ்டல் நகரில் இராசாராம் மோகன்ராய் 1833-இல் காலமானார் அல்லவா? அந்நகரில் அவரை நன்கறிந்த குடும்பம் ஒன்றில் பிறந்தவர் மேரி கார்ப்பென்டர் அம்மையார். அவர் 1852-இல் கிங்ஸ்வுட் என்னுமிடத்தில் சீர்திருத்தப் பள்ளி தொடங்கினார். 1854-இல் சிறுமியர்க்கெனத் தனிப்பள்ளி கண்டார். அதே 1854-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் இயற்றியது. ஆனால் பள்ளிக்குச் செல்லுமுன் சிறுவன் குறைந்தது பதினான்கு நாள் சிறையில் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. முதலில் சேற்றில் தள்ளிப் பின்னர் குளிப்பாட்டும் அம்முறையை அம்மையார் கடுமையாக எதிர்த்தார். 1866 முதல் நான்கு முறை அவர் இந்தியாவுக்கு வந்தார். பெண் கல்வி பற்றியும் சிறைகளின் நிலை பற்றியும் ஆட்சியாளரிடம் வாதாடினார். சிறுவரைச் சிறையிலிருந்து பிரிக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கைகளுள் ஒன்று.

இந்தியாவின் முதல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் 1876-இல் வந்தது. அதன்வழிச் சென்னை மாகாணத்தில் 1887-இல் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி அமைந்தது. 1897-இல் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவனை மூன்று முதல் ஏழு ஆண்டு வரை அங்கு வைக்கலாம். பள்ளி எப்படியிருக்க வேண்டும் என்றும் சட்டம் வரையறுத்தது. இரவில் சிறுவரைப் பிரித்து வைக்க வசதி வேண்டும். தூய்மை, குடிநீர், உணவு, உடை, படுக்கை வேண்டும். கைத்தொழில் பயிற்சி வேண்டும். நோயுற்றோர்க்கு இடம் வேண்டும். எல்லாம் நன்று. ஆனால் அப்பிள்ளைகளோடு இரவில் விழித்திருக்கப் போகும் மனிதன் யார், அவன் என்ன கற்றிருக்க வேண்டும், அவனுக்கு யார் கற்பிப்பது என்பதைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. கண்காணிப்பாளர் ஒருவர் இருப்பார். ஐவருக்குக் குறையாத பார்வையாளர் குழுவோ ஆட்சிக் குழுவோ இருக்கும். அவருள் இருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். அவ்வளவே. அந்த இருவர் நம் சேரியிலிருந்து அழைக்கப்பட்டிருப்பர் என்று எவரும் கனவு காண வேண்டியதில்லை.

அக்காலச் சட்டங்களுள் மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பினாலேயே மனிதர் குற்றவாளி என்றது. 1911-இல் அது சென்னை மாகாணத்திற்கும் விரிந்தபோது, அச்சமூகங்களின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியிலோ சீர்திருத்தப் பள்ளியிலோ வைக்கும் அதிகாரமும் அரசுக்கு இருந்தது. பிள்ளை ஒன்றும் செய்யாமலே பள்ளி என்னும் பெயரில் காவல்! சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் அச்சட்டம் ஒழிந்தது. ஆயினும் 'இந்தப் பையன் எந்தத் தெரு?' என்று முதலில் கேட்கும் வழக்கம், சட்டம் ஒழிந்த நாளிலேயே ஒழிந்துவிட்டதா என்பதை வாசகரின் பட்டறிவுக்கே விட்டுவிடுகிறோம். ஊழியர் ஒருவரின் மனத்தில் இருக்கும் சாதி, மதிலுக்குள் சென்றால் பன்மடங்கு வலிமை பெறும். ஏனெனில் அங்கே அவர் சொல்லை மறுத்துச் சொல்ல ஆளில்லை.

1919-20-இல் கார்டியூ தலைமையிலான இந்தியச் சிறைக் குழு சிறுவர்க்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்றது. நாட்டிலேயே முதலாவதாகச் சென்னைச் சிறுவர் சட்டம் 1920-இல் நிறைவேறியது. வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் பின்தொடர்ந்தன. நம் மாநிலம் இதில் முன்னோடி என்பதில் ஐயமில்லை.

இனி, கடல் கடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகக் காண்போம். நமக்கு அதிலிருந்து அறிய வேண்டியவை மிகுதி. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட்பரோ என்னும் ஊரில் 1848-இல் தொடங்கப்பட்டதே அந்நாட்டில் மாநில அரசு நடத்திய முதல் சீர்திருத்தப் பள்ளி. பின்னர் அது லைமன் பள்ளி எனப் பெயர் பெற்றது. நூற்றிருபது ஆண்டுகளில் அது போன்ற பள்ளிகள் அம்மாநிலத்தில் பல எழுந்தன. நோக்கம் சீர்திருத்தம். நடைமுறையோ தலையை மழித்தல், வாய் திறவாமல் வரிசையில் நடத்தல், தனிமை அறையில் அடைத்தல். 1969-இல் அத்துறையின் ஆணையராக ஜெரோம் மில்லர் என்னும் சமூகப் பணிப் பேராசிரியர் அமர்த்தப்பட்டார்.

மில்லர் தொடக்கத்தில் பள்ளிகளை மூட எண்ணவில்லை. சீர்படுத்தவே எண்ணினார். தலைமழிப்பை நிறுத்தினார், சிறுவர் தம் உடையை உடுத்தலாம் என்றார், மௌன நடையை ஒழித்தார். மாக்ஸ்வெல் ஜோன்ஸ் என்னும் மனநல மருத்துவரை வரவழைத்து, ஊழியரும் சிறுவரும் ஒன்றாக அமர்ந்து பேசித் தீர்க்கும் முறையை ஊழியர்க்குக் கற்பிக்கச் செய்தார். சில ஊழியர் ஆர்வத்துடன் கற்றனர். பலரோ முரண்டனர். சிறுவர் தப்பியோடுவது பெருகியது. ஊழியர் சிலரே அதற்கு உடந்தை என்று மில்லர் குற்றஞ்சாட்டினார். தவறிழைக்கும் ஊழியரை நீக்கவும் அவரால் எளிதில் இயலவில்லை. பணி விதிகள் அவர்களுக்கு அரணாக நின்றன. மேலிருந்து வரும் ஆணை, நள்ளிரவில் விடுதிக் கூடத்தை எட்டுமுன்னரே தேய்ந்து போகிறது என்பதை அவர் கண்டார்.

ஆகவே பள்ளிகளையே மூடத் துணிந்தார். 1970-இல் பிரிட்ஜ்வாட்டரில் இருந்த மிகக் கொடிய நிறுவனம் மூடப்பட்டது. 1972 சனவரியில் கார்கள் வரிசையாக லைமன் பள்ளிக்கு வந்தன. சிறுவரை ஏற்றிக்கொண்டு ஆம்ஹெர்ஸ்ட் நகரிலுள்ள பல்கலைக்கழகத்திற்குச் சென்றன. ஏறத்தாழ நூறு பிள்ளைகள் அங்கு ஒரு திங்கள் தங்கினர். பல்கலைக்கழக மாணவர் ஆளுக்கு ஒரு பிள்ளைக்குத் துணை நின்று, வீட்டிற்கோ சிறிய இல்லத்திற்கோ அனுப்ப வழி தேடினர். கடுங்குற்றம் செய்த சிலருக்கு மட்டும் காவலுடன் கூடிய சிறு விடுதிகள் எஞ்சின. ஒன்று கூறினால் வாசகர் நகைப்பர்: பிள்ளைகள் போன பின்னும் சில காலம் அப்பள்ளிகளில் ஊழியர் சம்பளம் பெற்றுக்கொண்டிருந்தனர். நோயாளி இல்லாத மருத்துவமனை போலும்! ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் இம்மாற்றத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். எல்லாப் பகுதியிலும் ஒரே வகையான நற்பயன் விளையவில்லை. பலதரப்பட்ட சிறிய இல்லங்கள் நன்கு அமைந்த பகுதிகளில் நிலை மேலாயிருந்தது என்று கண்டனர்.

மில்லர் செய்தது சரியா என்பதில் நமக்கு ஒரு கருத்து உண்டு. மூடியது சரியே. ஆயின் மாநிலம் முழுவதும் மூடிவிட்டால் தீர்ந்தது என்று கருதுவோர் ஒன்றை மறக்கின்றனர். சிறிய இல்லத்திலும் ஓர் இரவுக் காவலர் இருப்பார். அவர் யார் என்னும் வினா அங்கும் பின்தொடரும்.

இங்கிலாந்தில் 1967-இல் நடந்ததைச் சுருக்கமாகக் கூறுவோம். சரே மாவட்டத்தில் கோர்ட் லீஸ் என்னும் சிறுவர் பள்ளியில் பிரம்படி வரம்பு மீறியது. பிரம்படிக்கு விதி இருந்தது, தண்டனைப் பதிவேடு இருந்தது, ஆய்வாளர் இருந்தனர். இத்தனை இருந்தும் உண்மையை வெளிக்கொணர்ந்தவர் அப்பள்ளியிலேயே பணியாற்றிய ஆசிரியர் ஒருவர். சிறுவரின் காயங்களைப் புகைப்படம் எடுத்துச் செய்தித்தாளுக்கு எழுதினார். விசாரணை நடந்தது, உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் பள்ளியை மூடினார். பதிவேடு தானே பேசாது என்பதைத் தலைமையாசிரியராகிய நாம் நன்கறிவோம்.

இத்தகைய பட்டறிவுகளின் பயனாக உலக நாடுகள் 1985-இல் பெய்ஜிங் விதிகள் என வழங்கும் சிறார் நீதி விதிகளை ஏற்றன. அவற்றுள் ஒரு விதி நம்மவர் மனத்தில் பதிய வேண்டியது. சிறாரோடு பணியாற்றும் ஊழியர், அச்சிறார் எத்தகைய பல்வேறு சமூகங்களிலிருந்து வருகின்றனரோ அப்பன்மையைப் பிரதிபலிக்க வேண்டும். மகளிர்க்கும் சிறுபான்மையர்க்கும் உரிய இடம் வேண்டும் என்பது அவ்விதி. 1990-இல் வந்த மற்றொரு விதித்தொகுப்பு இன்னும் விரிவானது. ஊழியரைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். போதிய ஊதியம் தர வேண்டும். பயிற்சி தர வேண்டும். அவர் ஆயுதம் ஏந்தலாகாது. பல்வகை ஊழியரும் தமக்குள் கலந்து பேச வழி வேண்டும் என்றெல்லாம் அது கூறும்.

நம் நாட்டில் 1986-இல் நாடு தழுவிய சிறார் நீதிச் சட்டம் வந்தது. பின்னர் 2000-இல் ஒன்று, 2015-இல் ஒன்று எனப் புதிய சட்டங்கள் வந்தன. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆய்வுக் குழு மூன்று திங்களுக்கு ஒரு முறையேனும் ஒவ்வோர் இல்லத்தையும் பார்வையிட வேண்டும். குழுவில் மூவருக்குக் குறையலாகாது. ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மருத்துவராகவும் இருத்தல் வேண்டும். இல்லத்தில் பணிபுரிவோரே பிள்ளைக்குக் கொடுமை இழைத்தால் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிறர் இழைத்தால் மூன்றாண்டு. காப்பவர் இழைத்தால் ஐந்து. வேலியே பயிரை மேய்ந்தால் குற்றம் பெரிது என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

தண்டனைக்கு முந்திய கணக்கு ஒன்று உளது. அதை இளைஞர் தாமே போட்டுப் பார்க்கலாம். 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் நூறு பிள்ளைகள் உள்ள இல்லத்திற்கு நான்கு காப்பாளரைக் காட்டுகின்றன. ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்தில் 48 மணி நேரம் உழைத்தால் நால்வருக்கும் சேர்த்து 192. எஞ்சுவது 24 மணி நேரம். விடுப்பு, நோய், நீதிமன்றத்திற்குப் பிள்ளையை அழைத்துச் செல்லல் ஆகியவற்றில் அது கரைந்துவிடும். நால்வரும் நாளும் தவறாது வந்தாலும், நூறு பிள்ளைகளிடையே பெரும்பொழுது ஒரே ஒரு காப்பாளர்தான். இரவு இரண்டு மணிக்கு ஒரு மூலையில் இரு சிறுவர் அடித்துக்கொள்கின்றனர்; இன்னொரு மூலையில் ஒருவன் அழுகிறான்; அவ்வொருவர் என் செய்வார்? அஞ்சுவார். அச்சம் கொண்டவன் கை தடியைத் தேடும். முப்பது பிள்ளைகளுக்கு முன் நிற்கவே நமக்கு அரசு பி.எட். பட்டம் கேட்கிறது, நூறு பிள்ளைகளோடு இரவைக் கழிப்பவருக்குக் கற்பித்தவர் யார்?

மேற்பார்வை என்பது ஊழியரின் குற்றம் காண்பது என்று பலர் கருதுகின்றனர். அது பாதியே. கண்காணிப்பாளர் முன்னறிவிப்பின்றி இரவில் வந்து பார்ப்பது ஒன்று. பணி மாறும்போது முன்னவர் பின்னவரிடம் எந்தப் பிள்ளை இன்று உண்ணவில்லை, எவனுக்கு வழக்கு நாளை, எவன் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை என்று சொல்லச் செய்வது மற்றொன்று. ஒரு பிள்ளையைப் பலவந்தமாகப் பிடிக்க நேர்ந்தால் அன்றே எழுதி வைத்து, அவனை மருத்துவரிடம் காட்டி, ஊழியரையும் அமர்த்தி என்ன நடந்தது என்று கேட்பது மூன்றாவது. பிள்ளைகளின் கருத்துப் பெட்டியின் சாவி இல்லத்து ஊழியர் கையில் இருத்தலாகாது என்று விதிகள் கூறுவதும் இதன் பொருட்டே. முதல் மாதமே புதிய ஊழியரைத் தனியே இரவுப் பணிக்கு விடும் கண்காணிப்பாளர், பின்னர் நேரும் தீங்குக்குத் தாமும் பொறுப்பாவார் என்பது நம் துணிபு. ஊழியரிடம் மரியாதையின்றிப் பேசும் மேலதிகாரி, அவ்வூழியர் பிள்ளையிடம் மரியாதையோடு பேச வேண்டும் என எதிர்பார்ப்பதும் வீண். கடைநிலை ஊழியரும் பெரும்பாலும் எளிய குடியினரே. மேலிருந்து வாங்கும் வசைச் சொல் கீழே இறங்குவதற்கு அங்கே பிள்ளை ஒருவனே உளன்.

1887-இல் சீர்திருத்தப் பள்ளி கண்ட அதே செங்கல்பட்டில், 2022 திசம்பர் 31 அன்று, அரசு கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அவன் அங்கு வைக்கப்பட்டது திருட்டு வழக்கில். அடித்துக் கொன்றனர் என்னும் குற்றச்சாட்டில், 2023 சனவரியில் அவ்வில்லத்து ஊழியர் அறுவர் கைது செய்யப்பட்டனர். கண்காணிப்பாளரும் அவர்களுள் ஒருவர். ஒருவர் மட்டும் செய்த செயல் என்றோ, மேலிருப்பவர் அறியாத செயல் என்றோ அக்குற்றச்சாட்டு கூறவில்லை என்பதை வாசகர் கருத வேண்டும். முதற்பள்ளி அமைந்து நூற்று முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் பலமுறை புதிதாக எழுதப்பட்டிருந்தது.

அந்நிகழ்ச்சிக்குப் பின் தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்ட ஒரு நபர் குழுவை 2023-இல் அமைத்தது. குழு இல்லங்களின் நிலையை ஆராய்ந்து அவ்வாண்டிலேயே தன் அறிக்கையை அரசிடம் அளித்தது. அவ்வறிக்கையையும் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நம் கழகத்து இளைஞர் தேடிப் படிக்க வேண்டுகிறோம். சிறப்பாக, அவ்வில்லங்களில் பணிக்கு விண்ணப்பிக்க எண்ணுவோர், விண்ணப்பத்தை நிரப்புமுன்னரே படித்தல் நன்று.